பூப்போட்ட ஜோடி

ஓபர்கார், மேல் நிலையம்
18 நவம்பர் 2019

ரோஸ்விதாவுக்கு,

நீ அனுப்பிய ஸ்கீ ஜோடியை லியோன்ஹார்டின் பனி வாரும் வண்டியிலேயே திருப்பி அனுப்புகிறேன். பிரித்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பில் பூ போட்டிருக்கிறது. நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர், பெண்களுக்கென்றே செய்தது, மலையில் எந்தச் சரிவுக்கும் ஆகுமாம். எதற்கும் ஆகும் என்று விற்கிற பொருள் எதற்கும் உருப்படியாக ஆகாது. நான் பனிச்சறுக்குப் பள்ளியில் தலை நரைத்த ஆசிரியை, ஒரு காலத்தில் மாநிலப் பந்தயத்தில் இறங்கியவள். எனக்கு வேண்டியது பனியை வாரிச் சமன் செய்த சரிவில் விளிம்பை ஊன்றிச் சாய்ந்து வளைய ஒரு ஸ்கீ, அவ்வளவுதான். ஆண்கள் ஸ்கீ, நூற்று எழுபது, இடுப்பு அறுபத்தாறு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்கீ நடுவில் குறுகுகிறதே, அந்த இடுப்பைச் சொல்கிறேன். உன்னுடையதைச் சொல்லவில்லை.

வேறு கடைக்குப் போக வழியிருந்தால் போயிருப்பேன். பள்ளி உன்னோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது, ஆசிரியர்கள் எல்லாரும் உன் வாசலில்தான் நிற்க வேண்டும். பள்ளித் தலைவர் பெர்க்டோல்ட் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். டிசம்பர் பதினான்காம் தேதி ஏழாம் சரிவில் எல்லாரும் இறங்கிக் காட்ட வேண்டும். இந்த அறுவை செய்த முழங்காலோடு நான் சுத்தமாக இறங்கினால் புதன்கிழமை மகளிர் குழு என்னிடமே இருக்கும். தடுமாறினால் எனக்குக் குழந்தைகளைச் சரிவில் ஏற்றிவிடுகிற நகரும் கம்பளம், குழு உனக்கு. நீயே எழுதிக் கேட்டிருக்கிறாயாமே.

ஏழு வருஷத்துக்கு முன் இதே கால் உடைந்து, இன்ஸ்ப்ரூக் ஆஸ்பத்திரியில் தூக்கிக் கட்டிப் படுத்துக் கிடந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் புருஷன் லியோன்ஹார்ட் உன் வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருந்தான். இப்போது இரண்டாவது தடவை உடைந்தது, நீ குழுவைக் கேட்கிறாய். என் கால் உடையும்போதெல்லாம் உனக்குப் பசி எடுத்துவிடுகிறது.

இதையெல்லாம் வாயால் சொல்லி அனுப்பலாமென்றால் அவன் மாட்டேன் என்கிறான். "எழுதிக் குடு புர்கி, கொண்டுபோறேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வாயத் தொறந்தா அடி எனக்குத்தான்" என்கிறான். உன் எண் என் போனில் அடைத்தே கிடக்கிறது, திறக்கிற எண்ணமும் இல்லை. ஆகவே கடிதம்.

'நீ' என்று எழுதுவது உனக்குக் கசந்தால் மேலே வந்து சொல். மலை வழக்கப்படி ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான்.

நோட்புர்கா


கிளாம்பாக்
20 நவம்பர் 2019

நோட்புர்கா அவர்களுக்கு,

என் கடை தொள்ளாயிரத்து நாற்பது மீட்டரில் இருக்கிறது. ஆகவே 'நீங்கள்' என்றே எழுதுகிறேன்.

ஸ்கீ கேட்டு வருகிற எந்தப் பெண்ணிடமும் நான் முதலில் கேட்பது, எங்கே சறுக்குவீர்கள், எந்த நேரத்தில், கால் எப்படி இருக்கிறது. உங்கள் விஷயத்தில் பதிலை நானே சொல்லிக்கொண்டேன், ஏனென்றால் நீங்கள் உண்மை சொல்ல மாட்டீர்கள். வாரிய சரிவு காலை ஒன்பது மணிக்குத்தான் வாரிய சரிவு. மதியத்துக்குள் ஊரே இறங்கி அதை உழுது போட்டுவிடுகிறது. நீங்கள் குழுவோடு மூன்று மணிவரை அந்த உழுத பனியில்தான் நிற்கப்போகிறீர்கள். நீங்கள் கேட்கும் ஆண்கள் ஸ்கீ விறைப்பானது. அதன் வால் ஒரு வளைவைப் பிடித்தால் முடியும்வரை விடாது. நல்ல காலுக்கு அது சுகம். உங்கள் இடது முழங்கால் அந்த இழுப்பைத் தாங்காது.

பெண்கள் ஸ்கீ என்றால் பூ மட்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். எடை குறைவு, வளைந்து கொடுக்கும், பூட்ஸ் பூட்டுகிற இடம் சற்று முன்னால் இருக்கும். நான் அனுப்பியதன் இடுப்பு எழுபத்தாறு. கெட்டிப் பனியில் சாய்த்தால் விளிம்பு பிடிக்கும், கலைந்த பனியில் மூழ்காது. பூவை நான் வரையவில்லை.

குழுவைக் கேட்டது உண்மை, ஒளித்துச் செய்யவில்லை. எனக்கும் ஆசிரியைச் சான்று இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அடித்தளத்தில் ஈர பூட்ஸ் நாற்றத்தில் உட்கார்ந்து, ஊரார் சறுக்கப் பலகை தீட்டிக் கொடுத்தது போதும் என்றிருக்கிறது. என் கணவரைப் பற்றி இந்தக் கடிதங்களில் பேச்சு வேண்டாம்.

இத்துடன் மூன்று ஜோடி வருகிறது. பெயரும் படமும் தெரியாமல் மேலே கறுப்பு நாடா ஒட்டியிருக்கிறேன். பாரபட்சமில்லாமல் பார்க்க எல்லாருக்கும் அப்படித்தான் கொடுப்போம். ஏறிப் பார்த்துவிட்டு எழுதவும்.

ரோஸ்விதா


ஓபர்கார்
24 நவம்பர்

ரோஸ்விதாவுக்கு,

வந்ததும் முதல் வேலையாக நாடாவைப் பிய்த்துவிட்டேன். நீ மூடிக் கொடுப்பதை நான் மூடியபடியே ஏற்றுக்கொள்வேன் என்று எப்படி நினைத்தாய்? மூன்றில் ஒன்று மறுபடியும் அதே பூ. வெட்கம் என்பது உனக்குப் பழக்கமில்லாத பொருள்தான்.

அறுபத்தாறு மில்லி இடுப்புள்ள ஜோடியில் நேற்றுக் காலை ஏறினேன். லியோன்ஹார்ட் வாரி வைத்த சரிவு, கோடு கோடாக, ஒருவரும் மிதிக்காதது. முதல் வளைவிலேயே விளிம்பு போய் உட்கார்ந்தது. இடுப்பு தரையைத் தொடுமளவுக்குச் சாய்ந்தேன். பந்தயக் குழுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் சரிவில் மேலே ஏற்றுகிற லிஃப்டில் நின்று எட்டிப் பார்த்தான். இரண்டு வருஷமாக இந்த உடம்பில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அதை உன்னிடம் எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் எரிச்சல்.

முழங்கால் தாங்காது என்று எழுதினாயே, தாங்கியது. நான் உட்கார்ந்துவிட வேண்டும் என்று உனக்கு ஆசை, அதை வைத்தியம் மாதிரி எழுதுகிறாய். பூப்போட்டதில் நான் காலே வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன்.

இந்தக் குறுகிய ஜோடியை என் பெயருக்கு எடுத்து வை. பதினான்காம் தேதி இதில்தான் இறங்குவேன்.

நோட்புர்கா


கிளாம்பாக்
26 நவம்பர்

நோட்புர்கா அவர்களுக்கு,

காலை ஒன்பது மணிக்கு, ஒருவரும் மிதிக்காத சரிவில், எந்த ஸ்கீயும் நல்ல ஸ்கீதான். சமையல்கட்டுப் பலகையைக் கட்டிக்கொண்டு இறங்கினாலும் உங்களுக்குச் சந்தோஷம் வந்திருக்கும்.

அதே ஜோடியில் மதியம் இரண்டு மணிக்கு, பந்தயக் குழு இறங்கி முடித்த பிறகு, ஏழாம் சரிவில் இறங்கிப் பாருங்கள். பிறகும் அதுதான் வேண்டுமென்றால் எடுத்து வைக்கிறேன், மறுபேச்சு இல்லை. நாடா பிய்த்த மற்ற இரண்டு ஜோடியையும் பசை துடைத்துத் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

ரோஸ்விதா


ஓபர்கார்
1 டிசம்பர்

ரோஸ்விதாவுக்கு,

மூன்று நாளாக வேறு வேலை இருந்தது, அதனால் எழுதவில்லை. படுத்துக் கிடந்தேன் என்று லியோன்ஹார்ட் உன்னிடம் சொல்லியிருந்தால் அது பொய். காலின்கீழ் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தேன், அதற்குப் பெயர் படுப்பது இல்லை. அவன் எதற்கு என் ஜன்னலை எட்டிப் பார்க்கிறான், அதைக் கேட்டு வை.

இன்னொரு விஷயம். என் புதன்கிழமைக் குழுவில் ஒருத்தி இருக்கிறாள். என் வயசு, என் உயரம், நன்றாகச் சறுக்குவாள், யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் இல்லை. அவளுக்கு மதியத்துக்கு மேல் குறுகிய ஸ்கீயின் வால் இழுக்கிறதாம். இடது காலில் வளைவை முடிக்கும்போது முழங்காலுக்கு உள்ளே யாரோ துணி பிழிகிற மாதிரி இருக்கிறதாம். அந்த மாதிரி ஒருத்திக்கு, பூ இல்லாமல், எழுபத்தாறு மில்லியில் ஏதாவது இருக்கிறதா? அவள் கேட்கச் சொன்னாள்.

நோட்புர்கா


கிளாம்பாக்
3 டிசம்பர்

நோட்புர்கா அவர்களுக்கு,

உங்கள் குழுவில் இருக்கும் அந்த ஒருத்திக்கு என் அனுதாபத்தைச் சொல்லவும். அவளுடைய ஆசிரியை கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கிறவளாக இருந்திருந்தால் அவள் தலையணையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அந்த நீளத்தில், அந்த இடுப்பில் என்னிடம் இருப்பது ஒரே ஜோடி. அதே பூ. விளிம்பை நானே புதிதாகத் தீட்டியிருக்கிறேன். பெர்க்டோல்ட் எப்போதும் கெட்டிப் பனியில்தான் ஆசிரியர்களைப் பார்ப்பார். முதல் நாள் மாலையே வாரிவிட்டால் சரிவு இரவெல்லாம் உறைந்து கல்லாகிவிடும். தீட்டாத விளிம்பு அதில் வழுக்கும். அவள் பூவைப் பார்க்கச் சகிக்காவிட்டால் நாடா ஒட்டிக்கொள்ளலாம். ஒரு சுருள் வைத்திருக்கிறேன்.

லியோன்ஹார்ட் யார் ஜன்னலை எட்டிப் பார்க்கிறார் என்பதை நானும் கேட்டேன். விளக்கு எரிகிறதா என்று பார்த்தாராம். ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். எழுந்து விறகு பிளக்கப் போய்விட்டார். விறகு ஏற்கெனவே பிளந்துதான் கிடந்தது.

ரோஸ்விதா


ஓபர்கார்
9 டிசம்பர்

ரோஸ்விதாவுக்கு,

பூப்போட்டதில் ஏறினேன். காலையிலும் மதியத்திலும். சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள். அது உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் முதல் வரியோடு நிறுத்தப் பார்த்தேன். பேனா நிற்கவில்லை.

ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் குழு கைக்கு வரவேண்டும் என்று காத்திருக்கிறவள் எனக்கு எதற்கு நல்ல ஸ்கீ கொடுக்கிறாள்? விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தேன். பூட்ஸ் பூட்டுகிற பிடியின் திருகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இங்கே லிஃப்டில் வேலை செய்கிறவனைக் கூப்பிட்டு அவனையும் பார்க்கச் சொன்னேன். "அக்கா, கச்சிதமா இருக்கு, இதுல என்ன தேடுறீங்க?" என்று கேட்டான். எதைத் தேடுகிறேன் என்று அவனிடம் சொல்ல முடியுமா?

கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே என் பாதுகாப்பை நானே பார்த்துக்கொண்டேன். லியோன்ஹார்டைக் கூப்பிட்டு, பதினான்காம் தேதி ஏழாம் சரிவை மாலையில் வாராதே, விடியற்காலையில் வாரு என்று சொல்லிவிட்டேன். புதிதாக வாரிய பனி மெத்தென்று இருக்கும், முழங்கால் உலுக்காது. பதினெட்டு வருஷம் அவனுக்குச் சமைத்துப் போட்டதற்கு இந்த ஒன்றையாவது செய்யட்டும். சரி என்றான். கல்லுக்கென்று நீ தீட்டிக் கொடுத்த விளிம்புக்கு வேலையே இருக்காது.

நோட்புர்கா


கிளாம்பாக்
11 டிசம்பர்

நோட்புர்கா அவர்களுக்கு,

என் பட்டறையிலிருந்து கெட்ட பிடி எதுவும் இதுவரை வெளியே போனதில்லை. நீங்கள் திருகு திருகாகத் தேடினீர்கள் என்பதை நான் மறக்கப்போவதில்லை.

லியோன்ஹார்ட் உங்களுக்குச் சரி என்று சொன்னாரா? எனக்கும் சரி என்றுதான் சொன்னார். பெர்க்டோல்ட் கெட்டிப் பனி கேட்டார், நான் அதை வைத்துத்தான் விளிம்பைத் தீட்டினேன், ஆகவே மாலையில்தான் வார வேண்டும் என்று போன வாரமே சொல்லி வைத்தேன். இன்று இரவுச் சாப்பாட்டில் மறுபடி கேட்டேன். "ஆகட்டும் ரோஸி, எல்லாருக்கும் நல்லபடியா முடிச்சுக் குடுக்குறேன்" என்றார். எல்லாருக்கும் என்ற வார்த்தையைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவரோடு பதினெட்டு வருஷம் இருந்தவர் நீங்கள். அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எப்படி வாரினாலும் அந்த ஜோடியிலேயே இறங்குங்கள். கெட்டியோ மெத்தோ, அதற்குத்தான் அது. குறுகியதை எடுக்காதீர்கள்.

ரோஸ்விதா


ஓபர்கார்
15 டிசம்பர், ஞாயிறு

ரோஸ்விதாவுக்கு,

நேற்று நடந்தது இந்நேரம் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். என் வாயாலும் கேட்டுக்கொள்.

காலையில் மேலே போய்ப் பார்த்தோம். ஏழாம் சரிவின் இடது பாதி பளபளவென்று கல். வலது பாதி மாவு. நடுவில், மேலிருந்து கீழ்வரை, ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு. நீ சொன்னபடி மாலையில் பாதி வாரியிருக்கிறான், நான் சொன்னபடி விடியலில் மீதி. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, பாராட்டப்போகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பெர்க்டோல்ட் முகம் சிவந்துபோய், "என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?" என்று கேட்டார். "ரெண்டு பேரும் கேட்டாங்க, ரெண்டு பேருக்கும் பண்ணேன்" என்றான் உன் புருஷன். ஏழு வருஷத்தில் நேற்று முதல் தடவையாக உன்னை நினைத்துப் பரிதாபப்பட்டேன். அவனை நீயே வைத்துக்கொள்.

நாளைத் தள்ளிவைக்க முடியாது, விருந்தாளிகள் வந்தாயிற்று. அகலமாக வளைந்து, வரப்பைத் தாண்டித் தாண்டி இறங்க வேண்டும் என்றார் பெர்க்டோல்ட். எனக்கு முன்னால் இரண்டு இளவட்டங்கள், குறுகிய பந்தய ஸ்கீயோடு. நான் உன்னிடம் கேட்டேனே, அதே ஜாதி. கல்லில் ஜோராகச் சீறிக்கொண்டு போனார்கள். மாவில் நுழைந்ததும் ஒருவனுக்கு ஸ்கீயின் மூக்கு புதைந்து தலைகுப்புற. இன்னொருவனுக்கு வால் மாட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே பாதிச் சரிவு. அவர்களுக்கு இருபத்தைந்து வயது முழங்கால், எழுந்து பனியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று மேலே நின்று யோசித்தேன்.

பிறகு இறங்கினேன். கல்லில் விளிம்பு பிடித்தது. வரப்பை ஏறி இறங்கியபோது ஸ்கீ வளைந்து கொடுத்தது. மாவில் மிதந்தது. மறுபடி கல். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே வந்து நின்றதும் பெர்க்டோல்ட், "புதன்கிழமை உனக்குத்தான்" என்றார். என் குழுப் பெண் ஒருத்தி ஓடி வந்து, "பூ அழகா இருக்கு, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். சொல்லும்போது பல் கூசியது.

இப்போது நீ எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல். அந்தக் குறுகிய ஜோடியை நானே எழுதிக் கேட்டேன். கொடுத்திருந்தால் யாரும் உன்னைக் குறை சொல்லியிருக்க முடியாது. நேற்று அந்த வரப்பில் நான் விழுந்திருப்பேன், குழு உன்னுடையது ஆகியிருக்கும். உன்னை வெறுப்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. அதை ஏன் கெடுத்தாய்?

நோட்புர்கா


கிளாம்பாக்
17 டிசம்பர்

நோட்புர்கா அவர்களுக்கு,

லியோன்ஹார்ட் மூன்று நாளாகப் பட்டறையில் தூங்குகிறார். ஈர பூட்ஸ்களோடு. கடிதத்தை மட்டும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன், வேறு பேச்சு இல்லை.

நல்லவள் என்பதால் கொடுத்தேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். எடுத்து வை என்று நீங்கள் எழுதிய அன்றே அதே மாதிரிக் குறுகிய ஜோடி இன்னொன்றைப் புதிதாகத் தீட்டி, உங்கள் பெயரை எழுதிக் கட்டி, கதவோரம் சாத்தி வைத்தேன். அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. குழு எனக்கு வேண்டும். நேற்றும் வேண்டியிருந்தது, இன்றும் வேண்டும். நீங்கள் இறங்கிவிட்டீர்கள் என்று சேதி வந்ததும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். அது உங்களுக்காக இல்லை.

ஆனால் இந்த ஊரில் என் கதை என்ன என்று உங்களுக்குத் தெரியும். அவள் விழுந்தாள், இவள் எடுத்துக்கொண்டாள். உங்கள் புதன்கிழமைப் பெண்கள் என் கடையில் நின்று பூட்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டே அதைத்தான் கிசுகிசுக்கிறார்கள். நான் குனிந்து அவர்கள் பூட்ஸ் கொக்கியை மாட்டிக்கொண்டிருப்பேன், எனக்குக் காது கேட்காது என்று அவர்களுக்கு நினைப்பு. ஏழு வருஷமாக லியோன்ஹார்டோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறேன். அவர் எனக்குக் கிடைத்தவரா, நீங்கள் எழுந்து வருவதற்குள் வந்துவிட்டவரா என்று எனக்கே தெரியவில்லை. இப்போது உங்கள் ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று வேறு பார்க்கிறார்.

நீங்கள் விழுந்து எனக்கு இன்னொன்று கிடைக்க வேண்டாம். உங்களுக்கு மிகச் சரியான ஸ்கீயைக் கொடுத்து, அதில் நீங்கள் நன்றாக நின்றுகொண்டிருக்கும்போது, எல்லாரும் பார்க்க உங்களைவிடச் சுத்தமாக நான் இறங்க வேண்டும். அப்படி வாங்கினால்தான் அது என்னுடையது.

அடுத்த டிசம்பரில் ஏழாம் சரிவுக்கு நானும் வருகிறேன், பெர்க்டோல்டிடம் இன்று பெயர் கொடுத்துவிட்டேன். அதுவரை மதியத்துக்கு மேல் அதிகம் சாயாதீர்கள், மாதம் ஒரு முறை விளிம்பைத் தீட்ட அனுப்புங்கள், முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அது எனக்கு வேண்டும்.

ரோஸ்விதா